அப்பாவின் பத்து நிமிடம்

ஆவடியில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் என் அப்பாவைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அம்மா சொல்லுவாள். கோவர்த்தனகிரி, பருத்திப்பட்டு, காடுவெட்டி, சென்னீர்குப்பம், கரையான்சாவடி, பூந்தமல்லி என்று வழியில் இருக்கிற ஊரையெல்லாம் அவர் ஒரே மூச்சில் கூவுவார். நடுவில் ஒரு நூல் இடம் விடமாட்டார். கேட்டால் ரொம்ப நீளமான பெயருள்ள ஒரே ஊர் மாதிரி இருக்கும். ஆனாலும் காடுவெட்டிக்குப் போகிறவர் அந்தக் கூச்சலுக்குள்ளிருந்து தன் காடுவெட்டியைச் சரியாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார். புதிதாக வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள்தான் முழித்துக்கொண்டு நிற்பார்கள். அப்பா இறங்கி வந்து, விரல் மடக்கி ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லுவார்.

"தெரிஞ்சவனுக்கு அதுவா பிரிஞ்சிக்கும் பாப்பா. தெரியாதவனுக்கு ஒரே கயிறு" என்பார் என்னிடம்.

அந்தக் குரல் எனக்குப் பத்து வயதாகும்போது உடைய ஆரம்பித்தது. முதலில் ரோட்டுத் தூசி என்றார். பிறகு ஐஸ் மோர் என்றார். அம்மா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், அவருடைய கூட்டாளி சித்தரத்தை வாங்கிவந்து கொடுத்தார். ஆறு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையை எடுத்தால்தான் ஆள் தங்குவார் என்று சொல்லிவிட்டார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என்னிடம் எதையும் சொல்லமாட்டார்கள், சொன்னால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று. சொல்லாவிட்டாலும் வந்தது என்பது வேறு விஷயம். கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டு, இரண்டு நாள் என் தொண்டையை நானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நாங்கள் அப்போது பருத்திப்பட்டில், ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்கு வேன் வந்து அள்ளிக்கொண்டு போனால், திரும்ப எட்டு மணிக்குத்தான் கொண்டுவந்து கொட்டும். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு இருந்தாள். ஹாலில் ஜன்னலோரம் அவள் மேஜை. மேஜைமேல் லேப்டாப். காதில் நாள் முழுக்க ஒரு பெரிய ஹெட்போன்.

கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற வேலை என்று தெருவில் சொல்லிவைத்திருந்தோம். பார்த்தால் அது வெட்டுகிற வேலைதான். யாரோ பேசிய பேச்சு திரையில் ஒரு கோடாக ஓடும். சத்தம் வந்தால் கோடு பொங்கும், நின்றால் தட்டையாகப் படுத்துவிடும். ஒவ்வொரு வார்த்தையும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சித்தி கேட்டுக் கேட்டுக் குறி போடவேண்டும். இதற்கு ஒரு ஆள் எதற்கு, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இடம் இருக்குமே, அதைப் பார்த்து மெஷினே வெட்டிக்கொள்ளாதா என்று கேட்டேன். சித்தி சிரித்துவிட்டு, "பாப்பா வந்தா" என்று என்னைப் பேசவைத்துப் பதிந்து, கோட்டைக் காட்டினாள். பாப்பாவும் வந்தாவும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை. ஆனால் பாப்பாவுக்குள்ளேயே, உதடு ஒட்டிப் பிரிகிற இடத்தில், ஒரு துண்டு மௌனம் தட்டையாகக் கிடந்தது.

"மெஷினுக்கு ஒண்ணும் தெரியாதுடி. சத்தம் நின்னா வார்த்தை முடிஞ்சு போச்சுன்னு நினைச்சிக்கும். உன்னை ரெண்டு துண்டா ஆக்கிடும். நமக்குத்தான் பாப்பான்னா யாருன்னு தெரியுமே, நம்ம ஒட்டிக்கிறோம்" என்றாள்.

எனக்கு இரண்டு துண்டாவது பிடிக்கவில்லை. அன்றைக்கும் கொஞ்சம் காய்ச்சல் அடித்தது.

வேலையின் விதிகளைச் சித்தி ஒரு தாளில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தாள். இருமல், தும்மல், கதவுச் சத்தம், 'ம்', 'ஆங்' எல்லாம் இரைச்சல். பேச்சில்லாத இடம் வெற்று. இரைச்சலும் வெற்றும் அதிகமிருந்தால் பதிவு தள்ளுபடி. வாய்ப்பாட்டைவிட எனக்கு இது நன்றாக மனப்பாடம்.

கம்பெனிக்குப் புதுக் குரல்களும் வேண்டியிருந்தன. இரண்டு பேர் இரண்டு போனில் பத்து நிமிடம் எதையாவது பேசவேண்டும். ஒவ்வொருவர் குரலும் தனித்தனிப் பதிவாக வரும், ஒருவர் பதிவில் மற்றவர் குரல் இருக்காது. சித்தி தெருவில் ஆள் பிடித்தாள். முதலில் மாட்டியவர் அப்பாவின் கூட்டாளி. அவரும் ஷேர் ஆட்டோதான், நான் மாமா என்று கூப்பிடுவேன்.

"இன்னா தங்கச்சி, இதுல யாரு கேக்கப் போறாங்க?" என்றார்.

"ஆளுங்க இல்லண்ணா, மெஷின்தான் கேக்கும்."

"மெஷின் கேக்குமா? அப்போ என் பொண்டாட்டியவிட மேலு. குடு இப்டி."

எதிர்முனையில் அவருடைய மச்சான். பாவம், அவருக்கு வாயைத் திறக்கவே சந்து கிடைக்கவில்லை. மாமா போலீஸ்காரரில் ஆரம்பித்து, பம்பில் போடுகிற கேஸ், பூந்தமல்லி டிராபிக், மாமியார் வீட்டுக் கறிக்குழம்பு என்று மூச்சுவிடாமல் நாற்பது நிமிடம் பேசினார். பத்து நிமிடம் போதும் என்று சித்தி கை காட்டினால், "இரும்மா, மெயின் மேட்டருக்கே இன்னும் வர்ல" என்றார். அவருடைய பதிவைக் கம்பெனி ஒரே நாளில் எடுத்துக்கொண்டது. வெற்றிடமே இல்லாத அருமையான பதிவு என்று பதில் வந்தது. மச்சானுடையதைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தின நாள் மாலை சித்தி அவரையும் கூப்பிட்டாள். குரல் அப்போது ஓட்டைப் பானையில் மணலைப் போட்டுக் குலுக்கினமாதிரி ஆகியிருந்தது. யாரோடு பேசுகிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, "வேற யாரு, பாப்பாகூடத்தான்" என்றார்.

அவர் கீழே ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நான் சமையலறையில் அம்மாவின் போனோடு நின்றேன். ஜன்னலில் பார்த்தால் ஆட்டோவின் மஞ்சள் கூரை மட்டும் தெரியும். பத்து நிமிடம். நாளைக்கு அப்புறம் இந்தக் குரல் கிடையாது என்பது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. நான் பேசினேன், நிறையப் பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்டால் ஒரு வார்த்தை ஞாபகம் இல்லை. கண் முழுக்கச் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. ஏழு நிமிடம் ஆகிவிட்டது, எட்டு ஆகிவிட்டது என்று பயந்துகொண்டே பேசினேன். என் சுபாவம் அப்படி. சோற்றில் கைவைக்கும்போதே தீர்ந்துவிடுமே என்று கவலைப்படுகிற ஜாதி நான்.

சின்னப் பிள்ளைகளின் குரல் கம்பெனிக்கு ஆகாது. அதனால் என் பக்கத்துப் பதிவைச் சித்தி அன்றே அழித்துவிட்டாள். அப்பாவின் பக்கம் மட்டும் போயிற்று.

ஆபரேஷன் முடிந்து இருபது நாள் கழித்து அப்பா வந்தார். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன்மேல் சின்னத் துணி. மூச்சு அந்த வழியாகத்தான் போய் வந்தது. ஆட்டோவை மாமா எடுத்து ஓட்டினார். அப்பா ஹாலில் இரும்புக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ஏதாவது வேண்டுமென்றால் கைதட்டுவார், இல்லாவிட்டால் என் பழைய சிலேட்டில் எழுதுவார். கட்டில் சட்டத்தை விரலால் தட்டுகிற ஒரு பழக்கமும் புதிதாக வந்திருந்தது.

பள்ளிக்கூடம் கோடை லீவு. காலை ஏழு மணிக்கு அம்மா போய்விடுவாள். சித்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டால் வேறு உலகம், நான் கொஞ்சம் சத்தமாக நடந்தாலும் உதட்டில் விரல் வைப்பாள். தெருவிலும் என் வயதில் ஆள் இல்லை. எதிரே புதிதாக வந்த அடுக்குமாடியில் இருந்த பிள்ளைகள் அவர்கள் காம்பவுண்டுக்குள்ளேயே சைக்கிள் விட்டார்கள். சில நாள் காலையில் எழுந்ததிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தைகூட வீட்டில் யாரும் பேசாமல் போயிருக்கிறது. அத்தனை பேர் பேச்சு அந்த லேப்டாப்புக்குள் கிடந்தது. வீட்டில் இல்லை.

ஒருநாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அப்பாவின் பதிவு தள்ளுபடி. குரல் தெளிவில்லை, இரைச்சல் அதிகம், பாதிக்குமேல் வெற்று. தள்ளுபடி செய்ததை அங்கே அழித்துவிடுவார்களாம். சித்தி லேப்டாப்பில் இருந்த பதிவை அப்பாவுக்குப் போட்டுக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து தினம் காலையில் சித்தி குளிக்கப் போகிற நேரத்தில் அப்பா மேஜையில் உட்கார்ந்து அதைக் கேட்பார். நான் பக்கத்தில் நின்று கோட்டைப் பார்ப்பேன். ஒரு விஷயம் எனக்குப் பயமாக இருந்தது. கோடு பொங்கும்போது, அவர் பேச்சு வரும்போது, அவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. கோடு தட்டையாகப் போகும்போது, சத்தமே இல்லாத இடத்தில், சிரிப்பார். ஒரு இடத்தில் தோள் குலுங்கச் சிரிப்பார். இன்னொரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒன்றும் இல்லாததற்குச் சிரிக்கிறாரே, ஆபரேஷனில் வேறு எதையாவது சேர்த்து எடுத்துவிட்டார்களோ என்று நான் நடுங்கிப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கும் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது.

இதற்கு ஒரே வழிதான் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. இந்தக் குரல்களைக் கேட்டுக் கேட்டுத்தான் மெஷின் பேசக் கற்றுக்கொள்ளும் என்று சித்தி ஒருமுறை சொல்லியிருந்தாள். மாமாவின் குரலை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ஒருநாள் ஏதோ ஒரு போனுக்குள்ளிருந்து மாமா மாதிரி ஒருவர் கறிக்குழம்பைப் பற்றிப் பேசப்போகிறார். அப்பாவின் குரலை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே அப்பா எந்தப் போனிலும் பேசப்போவதில்லை. காரணம் வெற்று. வெற்றை எடுத்துவிட்டால் கம்பெனி எடுத்துக்கொள்ளும், மெஷின் கற்றுக்கொள்ளும், அப்பா பேசுவார்.

வெள்ளிக்கிழமைகளில் சித்தி லேப்டாப்பை வைத்துவிட்டு அம்பத்தூர் ஆபீசுக்குப் போவாள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா சாப்பிட்டுவிட்டு உள் அறையில் படுத்ததும், நான் மேஜையில் உட்கார்ந்தேன். எப்படி இழுப்பது, எந்தப் பித்தானை அழுத்துவது என்று பார்த்துப் பார்த்துத் தெரியும். தட்டையான இடத்தை எல்லாம் இழுத்து இழுத்து வெட்டினேன். சில வெற்று நீளமாக இருந்தது, அரை நிமிடம்கூட. அதன் நடுவில் அங்கங்கே ஒரு 'ம்' வரும். கொஞ்சம் போனால் இன்னொரு 'ம்'. காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன். இரைச்சல் என்று எழுதியிருந்தது. வெட்டினேன். இருமலை வெட்டினேன். பாப்பாவுக்கு நடுவில் இருந்த அந்தத் துண்டு மௌனத்தைக்கூட விடவில்லை. கை வலித்தது. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் மூன்று நிமிடமாகியிருந்தது. அதே பெயரில் சேமித்தேன்.

போட்டுக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சொல்லு பாபா அப்புறம் அதுக்கு நீ இன்னா சொன்னே அய்யய்யோ அப்புறம் பயப்படாதே நான் கீறேன் சொல்லு சொல்லு என்று அப்பா ஒரே மூச்சில், நூல் இடம் விடாமல் ஓடினார். ஆவடியில் கூவுகிற அதே மாதிரி. பழைய அப்பா.

அவர் எழுந்து வந்ததும் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். முதல் கேள்வி முடிந்த இடத்தில் உதட்டில் சிரிப்பு கிளம்பியது. அதற்குள் அடுத்த பேச்சு வந்துவிட்டது. கண்ணைத் திறந்தார். மறுபடி மூடினார். அடுத்த இடத்திலும் அப்படியே. ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி ஒரு கையை மெல்லத் தூக்கினார். மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, என் கையில் கொடுத்தார். என் தலையில் கைவைத்தார். போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

சித்தி வந்ததும்தான் விஷயம் புரிந்தது, அவளுக்கு. "ஐயோ, என்னடி பண்ணி வெச்சிருக்கே? இது ஒண்ணுதானேடி இருந்துது!" என்று கத்தினாள். பழையதைத் தேடினாள், தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். கிடைக்கவில்லை. அம்மா வந்து கேட்டுவிட்டு அடிக்கக் கை ஓங்கினாள். அப்பா கைதட்டினார், ஒரே தட்டு. சிலேட்டில் எழுதிக் காட்டினார்: குழந்தைய விடு.

நல்ல வேலையாகத்தானே செய்தேன், ஒரு வார்த்தைகூட வெட்டுப்படவில்லையே, பிறகு ஏன் எல்லோரும் இழவு விழுந்தமாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அப்பா மறுபடி அதைக் கேட்கவே இல்லை. மேஜைப் பக்கமே போகவில்லை. என்மேல் கோபம் என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் நான்கு வருஷம் இருந்தார். அவர் இறந்த வருஷம் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். சித்தி கல்யாணம் ஆகித் திருநின்றவூருக்குப் போனாள், ஜன்னலோர மேஜையும் ஹெட்போனும் எனக்கு வந்தன. இப்போது நானும் வெட்டுகிறேன். கதவைப் பூட்டினேனா, கேஸை மூடினேனா என்று இரண்டுமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து வெட்டுகிறேன்.

விதிகள் மாறிவிட்டன. வெற்று இருந்தால் இப்போது தள்ளுபடி இல்லை. 'ம்' இரைச்சல் இல்லை, அதற்குத் தனிக் குறி வந்திருக்கிறது. எதிரே இருப்பவர் பேசுவதை இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். போன மாதம் ஒரு பதிவு வந்தது. யாரோ ஒரு பெரியவர், பேச்சு ரொம்பக் குறைவு. நீளமாகத் தட்டைக்கோடு, ஒரு 'ம்', மறுபடி தட்டை, ஒரு 'ம்'. எதிர்முனையில் யாரோ கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அவர் ம் கொட்டிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு 'ம்'முக்கும் குறி போட்டுக்கொண்டே வந்தேன். திடீரென்று பார்த்தால் என் இடதுகை விரல் மேஜையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. டக். கொஞ்சம் விட்டு, டக். அப்பாவின் விரல் கட்டிலில் விழுந்த அதே இடைவெளியில்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

ஆபரேஷனுக்குப் பிறகும் அப்பாவிடம் நான் பேசியிருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கட்டில் பக்கத்தில் நின்று, இன்றைக்கு டீச்சர் இப்படிச் செய்தார், பஸ்ஸில் ஒரு பாட்டு போட்டார்கள் என்று ஆரம்பிப்பேன். நான்கு வார்த்தை போவதற்குள் அவர் விரல் இரும்புச் சட்டத்தில் தட்டும். போதும், சீக்கிரம் முடி என்கிறார், இன்னும் கோபம் போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன். பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவேன். நான் நிறுத்தியதும் தட்டுவதும் நின்றுவிடும். சரியாகத்தான் நினைத்தேன் என்று எழுந்துபோய்விடுவேன்.